சம்பளச் சீட்டைப் படிக்க முடியாத இங்கிலீஷ் மீடியம்

பழைய பெருங்களத்தூர்ப் பக்கம் மாலை நேரத்தில் இலவசமாக நடக்கும் ஒரு படிப்பு வகுப்புக்கு அண்மையில் போயிருந்தோம். அம்பேத்கர் படம் மாட்டிய ஒற்றை அறை. டியூப் லைட் ஒன்று, பாய் நான்கு, பிள்ளைகள் இருபதுக்கு மேல். கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் சொல்லிக்கொடுக்கிறார்கள். வகுப்பு முடியும் நேரத்தில் ஒரு தாய் வந்தார். ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். கையில் நான்காக மடித்த ஒரு தாள்; அந்த மாதச் சம்பளச் சீட்டு. போன மாதத்தைவிடப் பணம் குறைந்திருக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "எல்லாம் அதுலயே போட்டிருக்கு" என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம். ஒன்பதாம் வகுப்பு இங்கிலீஷ் மீடியத்தில் படிக்கும் மகளிடம் தாளை நீட்டினார்.

மகள் திக்காமல் திணறாமல் வாசித்தாள். கிராஸ் சாலரி, எம்ப்ளாயி கான்ட்ரிபியூஷன், லாஸ் ஆஃப் பே, அதர் டிடக்‌ஷன்ஸ், நெட் பேயபிள். உச்சரிப்பில் குறை சொல்ல முடியாது. "டிடக்‌ஷன்னா என்னம்மா?" என்று தாய் கேட்டார். மகள் கொஞ்ச நேரம் தாளையே பார்த்தாள். "டிடக்‌ஷன்னா... டிடக்‌ஷன்தாம்மா."

அங்கே யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பெண் படிப்பில் மோசமில்லை. அரையாண்டுத் தேர்வில் ஆங்கிலத்தில் எழுபதுக்கு மேல் வாங்கியிருக்கிறாள். எழுபது மார்க் வாங்கிய பிள்ளைக்குத் தன் தாயின் கூலியில் எதைப் பிடித்தார்கள் என்று சொல்லத் தெரியவில்லை என்றால், அந்த எழுபது எதற்குக் கொடுத்த மார்க் என்பதுதான் நம் கேள்வி.

இது பெருங்களத்தூருக்கு மட்டும் உள்ள நோய் அல்ல. நாடு முழுவதும் கிராமப்புறப் பிள்ளைகளிடம் நடத்தப்படும் 'அசர்' ஆய்வு 2022-ல் ஆங்கில வாசிப்பையும் சோதித்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளில் எளிய ஆங்கில வாக்கியத்தை வாசிக்க முடிந்தவர்கள் பாதிக்கும் சற்றுக் குறைவு. 2016-ல் இருந்த நிலையிலிருந்து இது பெரிதாக மாறவில்லை. கவனிக்க வேண்டியது அடுத்த கணக்கு. வாசித்துக் காட்டியவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரால் அந்த வாக்கியத்துக்குப் பொருள் சொல்ல முடியவில்லை. வாய் வாசிக்கிறது, மனம் வெளியே நிற்கிறது. கிராமத்தில் எடுத்த கணக்கு இது. புறநகருக்கு அப்படியே பொருந்தும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தாம்பரத்தைச் சுற்றியுள்ள எந்தப் பள்ளி ஆசிரியரிடம் கேட்டாலும், "இது தெரிந்த சங்கதிதானே" என்பார்.

பொருள் புரியாமல் எப்படி மார்க் வாங்க முடியும் என்று கேட்பவர்களுக்காக ஒரு சின்ன விளையாட்டு. இந்த வாக்கியத்தைப் படியுங்கள்: கிமிலன் காலையில் பொடுவரையை நிமிழ்த்தினான். இப்போது கேள்விகள். கிமிலன் எதை நிமிழ்த்தினான்? பொடுவரையை. எப்போது நிமிழ்த்தினான்? காலையில். பொடுவரையை நிமிழ்த்தியது யார்? கிமிலன். மூன்றுக்கும் முழு மார்க். கிமிலன் யார், பொடுவரை என்ன, நிமிழ்த்தினால் வலிக்குமா என்று உங்களுக்கும் தெரியாது, எழுதிய நமக்கும் தெரியாது. நம் பிள்ளைகளின் ஆங்கில வகுப்பில் பத்தியைக் கொடுத்துக் கேள்வி கேட்பது பெரும்பாலும் இப்படித்தான் நடக்கிறது. கேள்வியில் உள்ள சொல்லைப் பத்தியில் தேடு, அது இருக்கும் வரியை அப்படியே எடுத்து எழுது. பிள்ளைகள் அதில் கெட்டிக்காரர்கள். ஏன், எதனால், இதிலிருந்து என்ன தெரிகிறது, எழுதியவர் சொல்லாமல் விட்டது எது என்று கேட்கிற கேள்வி வந்தால்தான் குட்டு வெளிப்படும். அப்படிப்பட்ட கேள்வியை நாம் கேட்பதே இல்லை.

எழுதுவதில் நிலைமை இன்னும் வேடிக்கை. விடுப்புக் கடிதத்தை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் மனப்பாடமான ஒரே ஆங்கிலப் படைப்பு அது. காய்ச்சலால் அவதிப்படுவதால் பள்ளிக்கு வர இயலவில்லை, இரண்டு நாள் விடுப்பு அளிக்கும்படி வேண்டுகிறேன். அக்கா கல்யாணத்துக்கு மதுராந்தகம் போனவளும் "சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்" என்றே எழுதுகிறாள். தாத்தா இறந்த வீட்டிலிருந்து வந்தவனும் அதையே எழுதுகிறான். கல்யாணத்துக்குப் போனேன் என்று ஆங்கிலத்தில் எழுத யாரும் கற்றுத்தரவில்லை. காய்ச்சல் மட்டும் ரெடிமேடாகக் கிடைக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்வில் ஒரு படத்தைக் கொடுத்து உன் கருத்தை ஐந்து வாக்கியத்தில் எழுது என்று ஒரு கேள்வி உண்டு. எந்தப் படத்துக்கும் பொருந்தும்படி ஐந்து வாக்கியங்களைப் பிள்ளைகள் கையில் வைத்திருக்கிறார்கள். படம் மிக அழகாக இருக்கிறது, வண்ணமயமாக இருக்கிறது, எனக்கு மிகவும் பிடிக்கிறது. சாலை விபத்துப் படம் வந்தாலும் அழகு அழகுதான். அதே பத்தாம் வகுப்புப் பாடநூலில் 'தி லாஸ்ட் லெசன்' என்ற கதை இருக்கிறது. தாய்மொழி வகுப்பு இன்றோடு முடிகிறது என்று அறிந்த ஒரு பிரெஞ்சுச் சிறுவனின் கதை. மொழியை இழப்பது பற்றிய அந்தக் கதையையும் நம் பிள்ளைகள் கைடிலிருந்து நெட்டுருப் போட்டுத்தான் எழுதுகிறார்கள்.

இவ்வளவும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் உள்ளதுதானே, இதைத் தலித் பகுதியில் ஏன் எழுத வேண்டும் என்று கேட்கலாம். பதில் இருக்கிறது. பள்ளிகளில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் போடுவார்கள். முதல் பருவத் தேர்விலேயே, சில இடங்களில் ஜூன் மாதத்திலேயே, அது தயாராகிவிடும். அந்தப் பட்டியலில் யார் பிள்ளைகள் அதிகம் என்று ஆசிரியர்களைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள். காலனிப் பிள்ளைகள். ('காலனி' என்ற சொல்லை ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025-ல் அரசு அறிவித்தது. வகுப்பறையின் வாயிலிருந்து அது இன்னும் போகவில்லை.) பட்டியலில் விழுந்த பிள்ளைக்குப் புத்தகம் போய்விடும். அதற்குப் பதில் மெலிந்த ஒரு கையேடு வரும். மனப்பாடப் பாடல், முன்பின்னாக உள்ள வாக்கியங்களை வரிசைப்படுத்துவது, ஒரு கடிதம், ஒரு விளம்பரம். 35 மார்க்குக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு. படித்துப் புரிந்துகொள்ளும் பகுதியும் சொந்தமாக எழுதும் பகுதியும் "இதுங்களுக்கு வராது" என்று முதலிலேயே வெட்டப்படும். அந்தக் கையேட்டைத் தயாரிக்கும் ஆசிரியருக்குத் தீய எண்ணம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறோம். பிள்ளை ஃபெயில் ஆகக் கூடாது என்ற அக்கறை அவருக்கு. தேர்ச்சி விகிதம் குறைந்தால் மேலதிகாரி அவரைத்தான் நிறுத்தி வைத்துக் கேட்பார். ஆனால் விளைவு என்ன? எந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஆங்கிலம் கிடைக்காதோ, அந்தப் பிள்ளைக்குப் பள்ளியிலும் ஆங்கிலத்தின் உமி மட்டும் கிடைக்கிறது. அரிசி, வீட்டில் ஏற்கெனவே சோறு வெந்தவர்களுக்குப் போகிறது.

நம் முன்னோர் ஆங்கிலத்தை இப்படிக் கேட்கவில்லை. இந்தச் செங்கல்பட்டு மண்ணுக்கு இதில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. செங்கல்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த டிரெமென்ஹீர் 1891-ல் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை அளித்தார். 1892-ல் வந்த பஞ்சமி நில ஆணைக்கு அதுவே வித்து என்பது பலருக்குத் தெரியும். மறு ஆண்டே, 1893 பிப்ரவரியில், பஞ்சமர் கல்விக்கென்று தனி ஆணை வந்ததும் அதே ஓட்டத்தில்தான். தனிப் பள்ளிகள், கூடுதல் மானியம் என்று அது பேசியது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்றே அதைச் சொன்னார்கள். நிலமும் எழுத்தும் ஒரே மூச்சில் கேட்கப்பட்டவை. நிலம் எங்கே போனது என்பதை இந்தப் பகுதியில் பலமுறை எழுதியிருக்கிறோம். எழுத்து எங்கே போனது என்று இன்று கேட்கிறோம்.

மதுராந்தகம் பக்கம் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1893-ல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்த வேண்டும் என்று காங்கிரஸ் கேட்டபோது, அப்படி நடந்தால் பதவிகள் எல்லாம் மேல்சாதியாருக்கே போய்விடும் என்று லண்டன் நாடாளுமன்றத்துக்கு ஒரு மனு அனுப்பினார். 112 அடி நீளம், 3,412 பேர் கையெழுத்து. அவருடைய நிலைப்பாட்டோடு ஒருவர் உடன்படலாம், மறுக்கலாம். நமக்கு இங்கே வேண்டியது அந்த 112 அடித் தாள். எவனோ எழுதிக்கொடுத்ததை ஒப்பித்த எழுத்து அல்ல அது. எதிராளி சொன்னதைப் படித்து, அதன் உள்ளர்த்தம் தன் மக்களுக்கு என்ன செய்யும் என்று புரிந்துகொண்டு, பதில் சொல்லிய எழுத்து. படித்துப் புரிதல், எழுதுதல் என்று இன்று பாடத்திட்டத்தில் இரண்டு தலைப்புகளாகப் போட்டிருப்பது எதுவோ, அதை அந்த மனிதர் தேர்வு எழுதாமலே செய்து காட்டினார். பிறகு அவர் தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்ததும், 1930-ல் வட்டமேசை மாநாட்டுக்குப் போனதும் அதே திறனால்தான்.

பெருங்களத்தூரில் ரயில் ஏறினால் எட்டாவது ஸ்டேஷன் பரங்கிமலை. எம்.சி. ராஜா 1883-ல் அங்கே பிறந்தவர். சட்டமன்றத்தில் நம் மக்களின் குரலாக அறியப்பட்ட அவர், அடிப்படையில் ஒரு பள்ளி ஆசிரியர். 'தி ஒப்ரெஸ்டு ஹிந்தூஸ்' என்று 1925-ல் ஆங்கிலத்தில் நூல் எழுதியவர். சைதாப்பேட்டையில் அவர் பெயரிலுள்ள கல்லூரி விடுதியில் இன்றும் நம் பிள்ளைகள் தங்கிப் படிக்கிறார்கள்.

அம்பேத்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனதைப் பற்றி எல்லா மேடையிலும் பேசுகிறோம். அவர் ஆங்கிலம் கற்றது எப்படி என்று யாரும் பேசுவதில்லை. அவர் தந்தை ராம்ஜி, ராணுவப் பள்ளியில் ஆசிரியராக இருந்தவர். மகனைப் பக்கத்தில் உட்காரவைத்து மொழிபெயர்ப்புப் பயிற்சி கொடுத்தார். தர்கட்கரின் மொழிபெயர்ப்புப் பாடநூல்களை வைத்துக்கொண்டு, மராத்திச் சொல்லுக்குச் சரியான ஆங்கிலச் சொல் எது, ஆங்கில வாக்கியத்தை மராத்தியில் எப்படிச் சொல்வது என்று மாற்றி மாற்றிக் கேட்டார். மகன் கேட்ட புத்தகத்தை வாங்கக் கையில் காசு இல்லாதபோது, கட்டிக்கொடுத்த மகள்களின் நகையைக் கடன் வாங்கி அடகு வைத்தார். இதை வாசிக்கும்போது நமக்கு முக்கியமாகப் படுவது நகை அல்ல. தாய்மொழியைத் துரத்திவிட்டு அவர் ஆங்கிலம் சொல்லித்தரவில்லை என்பதே. மராத்தியின் தோள்மேல் ஏற்றி ஆங்கிலத்தைக் காட்டினார்.

ஆங்கிலத்தின் மேல் நம் மக்களுக்கு உள்ள ஆசையை ஏளனம் செய்கிறவர்கள் உண்டு. உத்தரப்பிரதேசத்தின் லக்கிம்பூர் கேரி மாவட்டத்தில் பங்கா என்ற ஊரில் 2010-ல் சந்திரபான் பிரசாத் ஆங்கிலத்துக்கு ஒரு தெய்வச் சிலையே வடித்தார். கையில் பேனாவும் அரசமைப்புச் சட்டமும், காலடியில் கணினியும். கோயில் கட்டிக் கும்பிடுவதில் நமக்கு உடன்பாடு இல்லை. ஆனால் அந்தச் சிலைக்குப் பின்னால் உள்ள பசி உண்மையானது. 1968 டிசம்பர் 25-ம் தேதி இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டார்கள். 1973-ல் உயர் நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட நிலக்கிழார்களை விடுதலை செய்தது. தங்கள் பிள்ளைகளையும் பெண்களையும் பற்றிய அந்தத் தீர்ப்பு, அந்த ஊர் மக்களால் படிக்க முடியாத மொழியில் எழுதப்பட்டிருந்தது. உயர் நீதிமன்றத்தின் மொழி இன்றும் ஆங்கிலம்தான். அது தமிழாக வேண்டும் என்று கேட்போம். தமிழாகும் வரை நம் பிள்ளைகள் அதைப் படித்துப் புரிந்துகொள்ளவும் வேண்டும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வது, ஏற்கெனவே இரண்டும் வைத்திருப்பவர்களின் வசதி.

அரசு என்ன செய்தது? அரசுப் பள்ளிகளில் இங்கிலீஷ் மீடியப் பிரிவுகள் 2013-14 கல்வியாண்டிலிருந்து பரவலாக வந்தன. பெற்றோர் மகிழ்ந்தார்கள், தனியார் பள்ளிக்கு ஓடாமல் நின்றார்கள். வாசலில் பெயர்ப்பலகை மாறியது. உள்ளே இருந்தவர்கள் அதே ஆசிரியர்கள். தமிழில் விளக்கம், ஆங்கிலத்தில் கரும்பலகை, கரும்பலகையிலிருந்து நோட்டு, நோட்டிலிருந்து தேர்வுத்தாள். நான்கு இடம் மாறிய அந்த வாக்கியம் எந்த இடத்திலும் பிள்ளையின் சொந்தமாக ஆகவில்லை. முன்பு ஆங்கிலம் ஒரு பாடத்தில் மட்டும் புரியவில்லை. இப்போது அறிவியலும் சமூக அறிவியலும் சேர்ந்து புரியவில்லை.

திட்டங்கள் இல்லை என்று சொல்ல மாட்டோம். 2022 ஜூனில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' சின்ன வகுப்புகளில் நல்ல வேலை செய்திருக்கிறது. கொரோனாவுக்குப் பின் வந்த 'இல்லம் தேடிக் கல்வி'யில் நம் பகுதிப் பெண்கள் தன்னார்வலர்களாகப் பணியாற்றினார்கள். மேலே சொன்ன மாலை வகுப்பின் இரண்டு அக்காக்களில் ஒருவர் அதில் பழகி வந்தவர்தான். அந்தத் திட்டங்கள் எழுத்துக்கூட்டி வாசிக்க வைத்தன. எழுத்துக்கூட்டி முடித்த பிள்ளையை ஆறாம் வகுப்பிலிருந்து யார் கைப்பிடித்துக் கூட்டிப்போவது என்பதில்தான் பாலம் அறுந்துகிடக்கிறது.

ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூர் தொடங்கித் தாம்பரம் வரை ஸ்போக்கன் இங்கிலீஷ் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. 30 நாளில் சரளம் என்கிறார்கள். கூச்சம் போக அது உதவும், அவ்வளவே. நம் வாழ்க்கையை முடிவு செய்வது பேசப்படும் ஆங்கிலம் அல்ல, எழுதப்பட்ட ஆங்கிலம். கடன் ஒப்பந்தம், வேலை நியமனக் கடிதம், ஆஸ்பத்திரி டிஸ்சார்ஜ் சம்மரி, பி.எஃப். குறுஞ்செய்தி, தீர்ப்பு நகல். பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் தொழிற்சாலை இருந்த இடத்தில் இன்று ஐ.டி. வளாகம். காலையில் தாம்பரம் பக்கமிருந்து அங்கே நடந்து போகும் கூட்டத்தில் நம் பெண்களும் உண்டு. துடைப்பத்தோடும் செக்யூரிட்டி உடுப்போடும். அவர்கள் பிள்ளைகள் மேல்மாடிக்குப் போக வேண்டுமானால், நேர்காணலுக்கு முன்பே ஒரு பத்தியைப் படித்து ஒரு மின்னஞ்சல் எழுதிக் காட்டச் சொல்கிறார்கள். வடிகட்டல் அங்கே நடந்துவிடுகிறது. வாயைத் திறந்து பேசும் கட்டம் வருவதற்குள் பாதிப் பேர் வெளியே.

சரி, எப்படித்தான் கற்றுக்கொடுப்பது? நாம் வாத்தியார்கள் அல்ல. ஆனால் அந்த ஒற்றை அறையில் நான்கு மாலைகள் உட்கார்ந்து பார்த்ததைச் சொல்லலாம். அந்த அக்காக்கள் பாடப்புத்தகத்தை முதலில் எடுப்பதில்லை. பிள்ளைகளை வீட்டிலிருந்து ஏதாவது ஓர் ஆங்கிலத் தாளைக் கொண்டுவரச் சொல்கிறார்கள். மாத்திரை அட்டை, மிக்ஸி பெட்டியின் உத்தரவாத அட்டை, மின் கட்டண ரசீது. முதலில் வாய்விட்டு வாசிக்கவே கூடாது. கண்ணால் மட்டும் படிக்க வேண்டும். படித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு, "என்ன சொல்லியிருக்கு?" என்று தமிழில் கேட்கிறார்கள். சொன்ன பிள்ளையிடம் அடுத்த கேள்வி: "எந்த வரியை வெச்சு அப்படிச் சொல்ற? விரல் வை." அந்த விரல் வைக்கும் நேரம்தான் வகுப்பின் உயிர். ஊகித்துச் சொன்னவன் அகப்பட்டுக்கொள்வான். புரிந்து சொன்னவனுக்குத் தான் புரிந்துகொண்டது தெரியவரும்.

நீளமான வாக்கியம் வந்தால் வினைச்சொல் எங்கே என்று தேடச் சொல்கிறார்கள். தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை காத்திருந்து பழகியவர்கள் நாம். ஆங்கிலத்தில் அது நடுவிலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். நேற்று வந்த ஆள் என்று நாம் முன்னால் வைப்பதை அவர்கள் ஆள் என்று சொல்லிவிட்டுப் பின்னால் தொங்கவிடுவார்கள். இந்த இரண்டு வேறுபாட்டையும் தமிழை வைத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தால் பாதி மூட்டம் விலகுகிறது. ஆங்கில வகுப்பில் தமிழ் பேசினால் அபராதம் போடும் பள்ளிகள் இதை யோசிக்க வேண்டும்.

செயப்பாட்டு வினையை அவர்கள் நடத்தியதைப் பார்த்தபோது நமக்கே ஒரு பாடம் கிடைத்தது. அந்தச் சம்பளச் சீட்டின் அடியில், தொகை பிடிக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. "யார் பிடிச்சாங்க?" என்று அக்கா கேட்டார். பிள்ளைகள் வாக்கியம் முழுக்கத் தேடினார்கள். யாரும் இல்லை. "ஆளே இல்லாம எப்படிப் பிடிக்க முடியும்? அப்போ ஆளை யாரோ மறைச்சிருக்காங்க." எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் சட்டென்று சொன்னான்: "பேப்பர்லயும் அப்படித்தாங்க்கா போடுறாங்க. தலித் வாலிபர் தாக்கப்பட்டார்." பத்திரிகைக்காரர்களான நமக்கு அங்கே பதில் இல்லை.

எழுதுவதற்கு வருவோம். படித்ததைப் பற்றி மூன்றே வாக்கியம். சொந்த வாக்கியம். பிழை இருக்கலாம், கைடில் இருந்து இருக்கக் கூடாது. திருத்தும்போது எல்லாப் பிழையையும் சிவப்பு மையால் வட்டமிடுவதில்லை. ஒரு வாரம் வினைச்சொல்லின் காலம் மட்டும், அடுத்த வாரம் முற்றுப்புள்ளியும் பெரிய எழுத்தும் மட்டும். முப்பது வட்டம் விழுந்த நோட்டைப் பார்த்த பிள்ளை அடுத்த முறை எழுதாது; மனப்பாடத்துக்கே திரும்பிப் போகும். மனப்பாடத்தில் பிழை வராது அல்லவா?

இருபது பிள்ளைகள் உள்ள அறையில் இதெல்லாம் முடியும், பள்ளியில் முடியுமா என்று ஆசிரியர்கள் கேட்பது நியாயமான கேள்வி. கணக்குப் போட்டுப் பார்த்தோம். ஓர் ஆங்கில ஆசிரியருக்கு நான்கு வகுப்பு, வகுப்புக்கு 40 பேர் என்றால் 160 நோட்டுகள். நோட்டுக்கு ஐந்து நிமிடம் என்றாலும் 800 நிமிடங்கள். பதிமூன்று மணி நேரத்துக்கு மேல். வாரா வாரம் அதை ஒரு மனிதர் செய்ய முடியாது. அதற்கு மேல் எமிஸ் பதிவு, தேர்தல் பணி, கணக்கெடுப்பு. ஆகவே எல்லாவற்றையும் ஆசிரியர் தலையில் கட்டிவிட்டு நாம் தள்ளி நிற்க முடியாது. ஆனால் நாளைக்குப் பத்து நோட்டு மட்டும் எடுத்து, ஒரே வகைப் பிழையைப் பார்ப்பது முடியும். பிள்ளைகள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்து, புரியாத இடத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவது முடியும். அதற்கு அதிகாரிகள் தேர்ச்சி விகிதத்தை மட்டும் பார்த்து மிரட்டுவதை நிறுத்த வேண்டும்.

முடியும் இடம் இன்னொன்று இருக்கிறது. ஆதிதிராவிடர் நலத்துறையின் விடுதிகள். 2025-ல் அவற்றுக்குச் சமூகநீதி விடுதிகள் என்று பெயர் வைத்தார்கள், நல்ல பெயர். மாலை ஆறு மணியிலிருந்து ஒன்பது மணி வரை பிள்ளைகள் ஒரே கூரையின் கீழ் இருக்கிறார்கள். 'ஸ்டடி ஹவர்' என்ற பெயரில் அந்த நேரம் காப்பாளரின் பிரம்போடு கழிகிறது. அங்கே வாரம் மூன்று நாள், ஒரு மணி நேரம், பயிற்சி பெற்ற ஒருவர் ஆங்கிலத் தாள் ஒன்றைப் படிக்கவைத்து மூன்று வாக்கியம் எழுதவைக்க வேண்டும் என்று கேட்கிறோம். துறையிடம் மாநிலம் முழுவதும் 1,100-க்கும் மேற்பட்ட பள்ளிகள் இருக்கின்றன. அவற்றைப் பள்ளிக்கல்வித் துறையோடு சேர்ப்பதாக 2023 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தபோது, கூடாது என்று நம் இயக்கங்கள் எதிர்த்தன. நாமும் எதிர்த்தோம். நம் பள்ளி நம்மிடம் இருக்க வேண்டும் என்று சொன்னவர்கள், அந்தப் பள்ளியில் பிள்ளை என்ன படிக்கிறது என்று உள்ளே போய்ப் பார்க்கும் கடமையையும் சேர்த்தே எடுத்துக்கொண்டோம். எத்தனை பேர் போனோம்?

பணம் இல்லை என்ற பேச்சு எடுபடாது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டம் 2024-ல் நிறைவேறியிருக்கிறது. ஒதுக்கிய நிதியை வேறு கணக்குக்குத் திருப்பாமல் நம் மக்களுக்கே செலவழிக்கத்தான் அந்தச் சட்டம். கல்லூரி படிக்கும் நம் பிள்ளைகளையே பயிற்சி கொடுத்து மதிப்பூதியத்தில் அமர்த்தினால், சொல்லிக்கொடுப்பவருக்கும் கைச்செலவுக்கு ஆகும். மறுமுனையில் பாருங்கள்: வெளிநாட்டில் மேற்படிப்புக்கு அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது. தாட்கோ ஐ.இ.எல்.டி.எஸ். பயிற்சியே தருகிறது. வரவேற்கிறோம். ஆனால் ஒரு பத்தியைப் படித்துப் பொருள் சொல்வதை 22 வயதில் சில வாரப் பயிற்சியில் தொடங்கினால் எத்தனை பேர் தேறுவார்கள்? மாடியில் கதவைத் திறந்துவைத்து, கீழே ஏணியின் முதல் நான்கு படியை எடுத்துவிட்டது போல இருக்கிறது.

பெரும்பாக்கம், கண்ணகி நகர் பற்றியும் ஒரு சொல். நகரத்தின் நடுவிலிருந்து வெளியேற்றி அங்கே கொண்டுவிடப்பட்ட குடும்பங்களின் பிள்ளைகள் படிப்பின் நடுவில் பள்ளி மாறினார்கள். விட்டுப்போன பாடத்தைக் கடைசி வரை பிடிக்க முடியாமல் நின்றவர்கள் பலர். மேலே கேட்ட மாலை வகுப்புகள் முதலில் தொடங்க வேண்டிய இடம் அது.

அறிவொளி இயக்கக் காலத்தில், 1990-களின் தொடக்கத்தில், புதுக்கோட்டைப் பெண்கள் கையெழுத்துப் போடக் கற்ற கையோடு கலெக்டர் அலுவலகத்துக்கு மனு எழுதினார்கள். கற்றதை உடனே பயன்படுத்த ஓர் இடம் இருந்ததால்தான் அந்த எழுத்து நின்றது. பெருங்களத்தூர் அறையிலும் இப்போது அதைத்தான் முயல்கிறார்கள். அந்தச் சம்பளச் சீட்டை மூன்று மாலை படித்தார்கள். 'லாஸ் ஆஃப் பே' என்றால் வராத நாளுக்குக் கூலி இல்லை என்று மகள் தாய்க்குச் சொன்னாள். "நான் எல்லா நாளும் போனேனே" என்றார் தாய். 'அதர் டிடக்‌ஷன்ஸ்' என்பதற்கு எதிரே தொகை இருக்கிறது, எதற்கு என்று இல்லை என்பதையும் விரல் வைத்துக் காட்டினாள். பிறகு ஒப்பந்த நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினாள். ஐந்து வாக்கியம். இரண்டு கேள்வி: எந்த இரண்டு நாள் வரவில்லை என்கிறீர்கள், மற்ற பிடித்தம் எதற்கு. காலம் ஓரிடத்தில் பிழை. அக்கா திருத்தவில்லை, அந்த வாரம் முற்றுப்புள்ளி வாரம். தாய் கையெழுத்துப் போட்டார்.

கடிதம் பதிவுத் தபாலில் போயிருக்கிறது. ஒப்புகை அட்டை திரும்பி வந்துவிட்டது. இதை எழுதும் நாள்வரை பதில் வரவில்லை. பதினைந்து நாள் பார்த்துவிட்டு, அதே கடிதத்தின் நகலை இணைத்துத் திங்கட்கிழமை செங்கல்பட்டில் மக்கள் குறைதீர் நாளில் கொடுப்பதாக இருக்கிறார்கள். அந்த மனுவைத் தமிழில் எழுதும் பொறுப்பு எட்டாம் வகுப்புப் பையனுடையது. பணத்தை யார் பிடித்தார்கள் என்பதை முதல் வரியிலேயே எழுதச் சொல்லியிருக்கிறார் அக்கா.